பாம்புக்கடியும் புதிய மருத்துவமும்

மாத்தளையின் வயலிலும் தோட்டத்திலும் உழைப்போர்க்குப் பாம்பச்சம் புதிதன்று. கடிவாயைக் கீறுதலும், அதன் மேலே இறுகக் கட்டுதலும் நம்மவர் நெடுநாட் கைக்கொண்ட முறைகள். அவை தீங்கே விளைப்பன என்பது இன்றைய மருத்துவர் துணிபு.

உயிர் காப்பது நஞ்சுமுறி மருந்தே. ஆயினும், அம்மருந்தே சிலர்க்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். இவ்விடர்க்கு வழிகாட்டியது நம் இலங்கையில் நிகழ்ந்த ஆய்வாகும். 1,007 நோயாளரிடம் நடாத்தப்பெற்று 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வு, நஞ்சுமுறி ஏற்றுமுன் சிறிதளவு அதிரினலீன் செலுத்தினால், முதல் ஒரு மணி நேரத்திற் கடும் ஒவ்வாமை 43 வீதம் குறையுமென நிறுவியது. வழக்கமாகக் கொடுக்கப்பட்டு வந்த வேறிரு மருந்துகள் அப்பயனைத் தந்தில.

எத்துணை நன்மருந்தும் காலந் தாழ்ப்பின் பயனிலதாம். ஆதலின், மாணவ மணிகளே, கடியுண்டாரைத் தேற்றுமின். கடிபட்ட உறுப்பை அசையாது வைம்மின். கட்டணமின்றி வரும் 1990 அம்புலன்சை அழைத்து, விரைந்து வைத்தியசாலை சேர்ப்பிமின்.