சாயமேறிய கூந்தலை வெளுக்கப் போய்...

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எனப் பாலாற்றுப் படுகையில் அமைந்துள்ள நம் ஊர்களில், தோலைப் பற்றி அறியாத குடும்பங்களைக் காண்பது அரிது. வீட்டிலுள்ள ஆடவருள் ஒருவரேனும் டேனரியிலோ காலணித் தொழிற்சாலையிலோ பணிபுரிந்திருப்பார். சுண்ணாம்பு, சல்பைடு, அமிலம், சாயம் என்னும் சொற்கள் நம் பிள்ளைகளின் காதுகளுக்குப் புதியவை அல்ல. ஆயினும் அந்தத் தொழிலறிவு டேனரியின் மதிற்சுவரைத் தாண்டி நம் வீட்டுக் குளியலறைக்குள் வருவதில்லை. வந்திருக்குமாயின், பல சகோதரிகளின் கூந்தல் காப்பாற்றப்பட்டிருக்கும்.

முன்னரே கறுப்புச் சாயம் ஏற்றிய கூந்தலை, திருமணம் அல்லது பெருநாள் நெருங்கும் வேளையில் பழுப்பு நிறமாக்க விரும்பி, வீட்டிலேயே வெளுக்கும் மருந்தைப் பூசிக்கொள்வது இப்போது பரவி வரும் வழக்கமாகும். ஆண்களும் வந்து போகும் அழகு நிலையங்களுக்குச் செல்ல நம் பெண்கள் தயங்குகின்றனர். அத்தயக்கம் போற்றத்தக்கதே. ஆனால் அதன் விளைவாகக் கடையில் வாங்கிய பெட்டியும், கைப்பேசியில் கண்ட காட்சியும் ஆசிரியர்களாகி விடுகின்றன. முடிவில் வேர்ப்பகுதி மஞ்சளாகவும், நடுப்பகுதி செம்பாகவும், நுனி பழைய கறுப்பாகவும் மூன்று நிறங்கள் தோன்றுகின்றன. பதறிப்போய் அன்றைக்கே இரண்டாம் முறையும் பூசுகின்றனர். அப்போது முடி கொத்தாகக் கையோடு வருகிறது.

ஏன் இவ்வாறு நேர்கிறது? நேர்ந்தபின் செய்ய வேண்டியது யாது? அறிந்துகொள்வோம்.

முடியினுள் நிகழ்வது

முடி, கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் கயிறுபோல் இறுகக் கட்டி வைத்திருக்கின்றன. மேலே மீன் செதில் போன்ற மெல்லிய அடுக்கு மூடியிருக்கும். உள்ளே மெலனின் என்னும் இயற்கை நிறமி உறைந்திருக்கும்.

டேனரியில் பச்சைத்தோலின் உரோமத்தை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இடுவதை நாம் அறிவோம். சுண்ணாம்பின் காரத்தன்மை உரோமத்தை ஊதச் செய்கிறது. சல்பைடு அந்தக் கந்தகப் பிணைப்புகளை அறுக்கிறது. உரோமம் கூழாகிக் கழன்றுவிடுகிறது. வெளுக்கும் மருந்தில் சல்பைடு இல்லை. ஆனால் அதிலும் காரம் உண்டு. அம்மோனியா முதலியவை செதில்களைத் திறந்துவிடுகின்றன. அதன்பின் ஹைட்ரஜன் பெராக்சைடும் பெர்சல்பேட் தூளும் உட்புகுந்து நிறமியை எரிக்கின்றன. கூடவே கந்தகப் பிணைப்புகளையும் சிதைக்கின்றன. வழி வேறாயினும் அடிபடும் இடம் ஒன்றே. அளவு மீறினால் தலைமுடிக்கும், சுண்ணாம்புக் குழியில் கிடந்த உரோமத்திற்கும் வேறுபாடு குறைந்துவிடும்.

நம் கறுப்பு முடி வெளுக்கும்போது ஒரே தாவலில் பொன்னிறத்தை அடைவதில்லை. முதலில் சிவப்பு, பிறகு செம்மஞ்சள், அதன்பின் மஞ்சள் எனப் படிப்படியாகவே செல்லும். இது சாயமேறாத முடியின் இயல்பு. சாயமேறிய முடியிலோ இயற்கை நிறமியோடு செயற்கை நிறமியும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். மாதந்தோறும் வேர் முதல் நுனி வரை பூசி வந்தவருக்கு நுனியில் பத்துப் பன்னிரண்டு அடுக்குகள் இருக்கக்கூடும். அவை எளிதில் விலகுவதில்லை. வேரருகே புதிதாக வளர்ந்த முடியில் சாயமில்லை. தலையின் உடற்சூடும் அங்கே உண்டு. ஆகவே அவ்விடம் விரைந்து வெளுக்கிறது. மூன்று நிறங்களின் இரகசியம் இதுவே.

மருதாணியும் அவுரியும்

நம் இல்லங்களில் மருதாணி நெடுங்காலமாக வழங்கி வருவதாகும். மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், அபூபக்ர் (ரலி) அவர்களின் முதிய தந்தை அபூ குஹாஃபா அவர்கள் வெண்ணிற முடியோடு அழைத்து வரப்பட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்நரையின் நிறத்தை மாற்றுமாறும் கறுப்பைத் தவிர்க்குமாறும் பணித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. கறுப்புச் சாயத்தைப் பற்றி அறிஞர்களிடையே விரிவான ஆய்வுகள் உண்டு. அவரவர் தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் தெளிவு பெறுவது நன்று.

தூய மருதாணியால் முடிக்குக் கேடில்லை. அதிலுள்ள லாசோன் என்னும் நிறப்பொருள் கெரட்டினோடு இறுகப் பிணைந்துகொள்கிறது. அதனாலேயே அதனை வெளுத்து நீக்குவது கடினம். செம்மஞ்சள் நிறம் எஞ்சி நிற்கும். மருதாணியோடு அவுரியும் பூசியவர் வெளுக்க முனைந்தால், சில வேளைகளில் கூந்தல் பாசிப்பச்சையாக மாறிவிடுகிறது.

இவற்றினும் ஆபத்தானது, மருதாணி என்ற பெயரில் விற்கப்படும் கலப்படத் தூள். சிலவற்றில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அவற்றோடு பெராக்சைடு சேர்ந்தால் தலையிலேயே சூடு கிளம்பிப் புகையவும் கூடும். வேறு சிலவற்றில் பாராபெனிலீன்டையமீன் என்னும் சாயப்பொருள் மிகுந்திருக்கும். ‘கறுப்பு மருதாணி’ என்பதன் கறுப்பு பெரும்பாலும் இதிலிருந்தே வருகிறது. ஒருமுறை இது உடலுக்கு ஒவ்வாமல் போனால், பிறகு ஒவ்வொரு முறையும் வீக்கமும் கொப்புளமும் தோன்றும். இதே பொருளை விழுங்கினால் கழுத்து வீங்கி மூச்சு அடைபடும், சிறுநீரகமும் பழுதாகும். தென்னிந்திய மருத்துவமனைகள் நன்கறிந்த நஞ்சு இது. ஆதலால் சாயப் பொட்டலங்களைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

தவறு நேர்ந்துவிட்டதா?

முதற்பணி, நிறுத்துவது. நிறம் எவ்வளவு அலங்கோலமாக இருப்பினும் அன்றைய தினம் மீண்டும் வெளுக்கலாகாது. வெதுவெதுப்பான நீரில் நன்றாக அலசி, மென்மையான ஷாம்பூ இட்டுக் கழுவி, கண்டிஷனர் பூசுங்கள். தலைத்தோல் எரிந்தால் ஓடும் நீரில் 15 முதல் 20 நிமிடங்கள் வரை அலசுங்கள். மருந்து கண்ணில் பட்டால் அதே அளவு நேரம் கண்ணைக் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். வேலூரில் ஷெல் கண் மருத்துவமனை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கொப்புளம், முகவீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் கைவைத்தியம் வேண்டாம், மருத்துவமனைக்கு விரைக. பெர்சல்பேட் தூள் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பை உண்டாக்கக் கூடியது.

இரண்டாவது, முடியின் வலிமையைச் சோதிப்பது. ஈரமான ஓரிழையை இரு விரல்களால் மெல்ல இழுத்துப் பாருங்கள். சற்று நீண்டு மீண்டும் சுருங்கினால் வலிமை எஞ்சியிருக்கிறது. மென்ற பசைபோல் நீண்டு அப்படியே நின்றாலோ அறுந்தாலோ, அந்த முடி எந்த இரசாயனத்தையும் இனித் தாங்காது. அத்தகைய நுனிகளைக் கத்தரிப்பதே நன்று.

மூன்றாவது, நிறத்தைச் சீர் செய்வது. இங்கே டேனரியின் பாடம் கைகொடுக்கிறது. கறையும் திட்டும் விழுந்த தோலை எந்தத் தொழிலாளியும் வெளிர் நிறத்திற்கு எடுப்பதில்லை. அது கறுப்புக்கோ அடர் பழுப்புக்கோ அனுப்பப்படும். இருண்ட நிறம் குறைகளை மறைக்கும் என்பது தொழில் நுணுக்கம். கூந்தலுக்கும் இதுவே வழி. மேலும் வெளுத்துச் சமன் செய்ய முயலாமல், அடர்ந்த பழுப்பு போன்ற ஒரு நிறத்திற்கு இறக்கிச் சமன் செய்யுங்கள். ஓரிரு வாரங்கள் முடிக்கு ஓய்வு கொடுத்த பின் செய்வது நலம்.

இதில் மூன்று நுட்பங்கள் உண்டு. முதலாவது, வெளுத்த முடி பஞ்சுபோல் சாயத்தை உறிஞ்சும். ஆகவே விரும்பும் நிறத்தைவிட ஒரு படி வெளிறிய சாயத்தையே தேர்ந்தெடுங்கள். அம்மோனியா இல்லாத, சில வாரங்களில் மங்கும் வகையாக இருப்பது பாதுகாப்பு. இரண்டாவது, மஞ்சளாக வெளுத்த இடத்தின்மீது சாம்பல் கலந்த பழுப்பை நேரே பூசினால் பச்சை தட்டும். செம்மையோ பொன்மையோ கலந்த பழுப்பே அவ்விடத்திற்கு ஏற்றது. மூன்றாவது, எதிர் நிறங்கள் ஒன்றையொன்று அடக்கும். செம்மஞ்சளை நீலமும், மஞ்சளை ஊதாவும் தணிக்கும். கடைகளில் நீல நிறத்திலும் ஊதா நிறத்திலும் ஷாம்பூக்கள் விற்கப்படுவது இதற்காகவே. எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பின்தலையில் மறைவாக உள்ள ஒரு சிறு கற்றையில் பூசிப் பார்த்துவிடுங்கள்.

புதிய சாயம் எதுவாயினும் காதுக்குப் பின்புறம் ஒரு துளி வைத்து 48 மணி நேரம் காத்திருங்கள். முன்சோதனை செய்ய வேண்டும் என்றும், இமையிலும் புருவத்திலும் பூசினால் கண் பார்வைக்கே தீங்காகும் என்றும் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். சிறிய எழுத்தாயினும் அதனைப் படியுங்கள்.

நீரும் எண்ணெயும்

நம் பகுதியின் நிலத்தடி நீர், டேனரிக் கழிவுகளால் நெடுங்காலமாக உப்பேறிக் கிடக்கிறது. 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பு இதன் தொடர்பானதே. இந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் அலசினால் சிதைந்த முடி மேலும் சொரசொரப்பாகும். இறுதி அலசலுக்கு மட்டுமேனும் குடிநீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். டேனரியில் தோலுக்குச் சாயமிட்டபின் பார்மிக் அமிலம் விட்டுச் சாயத்தை நிலைநிறுத்துவர். காரத்தை அமிலம் தணிக்கும் என்னும் அதே நியதிப்படி, ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி வினிகர் கலந்து அலசினால் செதில்கள் படிந்து முடி மினுமினுக்கும். தலைத்தோலில் புண் இருந்தால் இது வேண்டாம். பார்மிக் அமிலமோ தோலை அரிக்கக் கூடியது. அது டேனரியிலேயே இருக்கட்டும்.

தேங்காய் எண்ணெய் முடியின் உட்புகுந்து, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. குளிப்பதற்கு முன் தேய்த்து ஊறவிடுவது பயன் தரும். ஆனால் எந்த எண்ணெயும் சிதைந்த முடியை மீண்டும் முழுமையாக்காது. முடி உயிரற்ற பொருள். காயம் ஆறுவதுபோல் அது ஆறுவதில்லை. மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் புதிய முடி வளரும். ஓராண்டு பொறுத்தால் 12 சென்டிமீட்டர் நல்ல முடி கிடைக்கும். பொறுமையே இதற்குச் சிறந்த மருந்து.

முன்னெச்சரிக்கைகள் சில

சாக்கடைக்கும் கிணற்றுக்கும் இடும் பிளீச்சிங் பவுடர் வேறு. முடியை வெளுக்கும் தூள் வேறு. பெயர் ஒற்றுமையால் மயங்கி அதனைத் தலையில் இடுவது பேராபத்து. பெராக்சைடு 3, 6, 9, 12 விழுக்காடு அளவுகளில் கிடைக்கிறது. 12 விழுக்காட்டை வீட்டில் தொடவே வேண்டாம். உலோகக் கிண்ணத்தில் கலக்காதீர்கள். சாயமோ மருதாணியோ முன்பே ஏற்றியவர்கள், சீப்பில் வந்த முடியைச் சேர்த்து, கலந்த மருந்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு அரைமணி நேரம் கவனியுங்கள். சூடேறினாலோ நுரைத்தாலோ முடி கரைந்தாலோ, அந்த மருந்து உங்கள் தலைக்கு உரியதன்று.

வெளியே செல்ல இயலாதவர்கள், தொழில் கற்ற பெண் அழகுக் கலைஞரை இல்லத்திற்கு வரவழைக்கலாம். அவரிடம் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பூசியவை அனைத்தையும் மறைக்காமல் கூறுங்கள். நுனி முடிக்கு அவ்வளவு வயதுண்டு. நாம் மறந்தாலும் அது மறப்பதில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று நிறக் கூந்தலோடு மகள் அழுதுகொண்டு வந்து நிற்கையில், ஏச்சும் ஏளனமும் அவளை மீண்டும் அந்தக் குளியலறைக்குள்ளேயே துரத்திவிடும்; மறைத்துச் செய்யும் இரண்டாவது பூச்சே பெரும் கேட்டை விளைவிக்கிறது. முதலில் தண்ணீர் ஊற்றி அலசிவிடுங்கள். அறிவுரையைப் பிறகு கூறலாம். உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனை அலங்கரிக்க அனுமதி உண்டு. அழித்துக்கொள்ள அனுமதி இல்லை. இவ்வுணர்வைப் பிள்ளைகளின் உள்ளத்தில் அன்போடு பதியச் செய்வோமாக.