வானத்தில் வழி உண்டு. மண்ணில் இடம் உண்டா?

அடிபட்ட தொழிலாளியைச் சுமந்துகொண்டு ஹெலிகாப்டர் வருகிறது. வானம் மறிக்கவில்லை, காற்று மறிக்கவில்லை. அறுவைக் கூடத்தில் விளக்கு எரிகிறது, மருத்துவர் காத்திருக்கிறார். ஆனால், மருத்துவமனை வளாகத்தில் அது இறங்கக் கூடாது! எங்கோ ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கி, அங்கிருந்து ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றி, கடைத்தெருவைக் கடந்து கொண்டுவர வேண்டும். ஏன்? ஊரின் மண்டலக் குழு இன்னும் அனுமதி தரவில்லை!

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே மருத்துவமனைகள் படுகிற பாடு இது. சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள், தோழர்களே! கேள்விப்பட்டதும் நாமும் சிரிக்கத்தான் செய்தோம். 'உயிர் போகிற நேரத்தில் உத்தரவுச் சீட்டா?' என்றுதான் கேட்டோம். விவரத்தைத் துருவிப் பார்த்த பிறகு, சிரிப்பு நின்றது. அந்த மண்டபத்தில் பேசவேண்டிய ஒருவன் பேசாமல் இருக்கிறான், அவன் நம்மவன்.

ஹெலிகாப்டர் உயிர் காக்கத் தொடங்கியது போர்க்களத்திலே. 1944 ஏப்ரலில், பர்மாவிலே, ஜப்பானியப் படைக்குப் பின்புறம் சிக்கிக் கிடந்தவர்களை, கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க லெப்டினன்ட் ஒரு சிறு சிகோர்ஸ்கி ஊர்தியில் ஒவ்வொருவராகத் தூக்கி வந்தார். கொரியாவில் ஆயிரக்கணக்கானோரைச் சுமந்தது. பிறகு 1970இல் மேரிலாந்து மாநிலப் போலீஸ் ஹெலிகாப்டர். அதே ஆண்டு ஜெர்மனியில் மியூனிக் நகரிலே 'கிறிஸ்டோப் 1'. 1972இல் டென்வர் நகரின் செயின்ட் அந்தோணி மருத்துவமனை. அடிபட்டவனுக்கு முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம் என்று பால்டிமோரிலிருந்து ஓயாமல் முழங்கியவர் ஆர். ஆடம்ஸ் கௌலி என்ற அறுவை மருத்துவர். போர்க்களத்தில் இறங்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. மணல் திட்டு போதும். ஊருக்குள் இறங்க ஊரைக் கேட்க வேண்டும்!

ஊர் எதைக் கொண்டு தடுக்கிறது? 'ஜோனிங்' என்கிற மண்டலச் சட்டத்தைக் கொண்டு. எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ஆலை என்று ஊரின் வரைபடத்தில் கோடு கிழிக்கிற சட்டம் அது. 1916இல் நியூயார்க் நகரம் முழுவதற்கும் கிழித்தார்கள். 1926இல், ஒகையோ மாநிலத்து யூக்ளிட் என்னும் சிற்றூர் கிழித்த கோடு செல்லும் என்று உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. தோல் துடைக்கும் ஆலைப் புகை தொட்டில் குழந்தையின் மூக்கில் ஏறாமல் காக்கிற சட்டம் என்ற அளவில் நல்ல சட்டந்தான். ஆனால் அதே தீர்ப்பு, வாடகைக் குடியிருப்புகளைத் தனி வீடுகளின்மீது ஒட்டி வாழும் ஒட்டுண்ணி என்றும் ஏசியது! யார் வாழ்கிறார்கள் அந்தக் குடியிருப்புகளில்? தொழிலாளிகள்! கறுப்பர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று லூயிவில் நகரம் சட்டம் போட்டதும், அதை 1917இல் நீதிமன்றம் தள்ளியதும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். ஆகவே கோடு கிழிக்கிற கை யாருடைய கை என்று பார்க்காமல் அந்தக் கோட்டை நாம் வணங்கத் தயாராக இல்லை. அழித்துவிடு என்று சொல்லவும் தயாராக இல்லை.

அனுமதி வாங்கும் வழியைக் கேளுங்கள். தளம் கட்டுவதற்குத் தொண்ணூறு நாள் முன்னதாக மத்திய விமானத் துறைக்கு அறிவிப்புத் தரவேண்டும். அந்தத் துறை வானத்தை மட்டும் பார்க்கும். இறங்கும் பாதையில், எட்டு அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில், 4,000 அடி தூரம்வரை கோபுரமோ கம்பியோ குறுக்கிடக் கூடாது என்பது அதன் கணக்கு. பார்த்துவிட்டு, 'எமக்கு ஆட்சேபமில்லை' என்று எழுதும். 'சரி, வேலை முடிந்தது' என்று மருத்துவமனை மகிழ முடியாது! நிலம் ஊருடைய அதிகாரம். கலிபோர்னியா போன்ற இடத்தில் மாநில அரசின் அனுமதியும் தேவை. அதற்கு முன் நகரசபையோ மாவட்ட சபையோ ஒப்புதல் தரவேண்டும். வழக்கறிஞர்கள் வேறு ஒரு முடிச்சுப் போடுவார்கள்: மருத்துவமனைக்கு அனுமதி என்றால், வண்டி நிறுத்துமிடம்போல, ஹெலிகாப்டர் தளமும் அதில் அடக்கமா, அல்லது புதிய மனுப் போடவேண்டுமா? இந்த ஒரு கேள்விக்கே நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். ஆனால் பறக்கத் தொடங்கிவிட்டாலோ, ஊரின் கை சுருங்கிவிடும். இரவில் ஜெட் விமானம் புறப்படக் கூடாது என்று பர்பாங்க் நகரம் போட்ட தடையை, 1973இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. தளம் எங்கே என்பதில்தான் ஊருக்குப் பேச்சு. ஆகவேதான் அந்த ஒரு பொது விசாரணையில் அத்தனை கூச்சல்!

அந்த மண்டபத்துக்குள் எட்டிப் பார்ப்போம். பக்கத்து வீட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. பல ஊர்களில் கடிதம் போவது சொந்தக்காரருக்குத்தான். வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு அல்ல. ஆளுக்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். 'வீட்டின் விலை விழும்' என்கிறார் ஒருவர். 'நடுநிசியில் சன்னல் அதிரும்' என்கிறார் இன்னொருவர். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற ஆலைத் தொழிலாளி, கடிதம் வராததால், அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

வராத இன்னொருவன் இருக்கிறான். எண்பது மைலுக்கு அப்பால், சாரத்திலிருந்து விழப்போகிறவன். தானியக் குதிரில் சிக்கப்போகிறவன். நெடுஞ்சாலையில் லாரியோடு கவிழப்போகிறவன். அவனுக்கு அந்த ஊரில் வீடு இல்லை, வாக்கு இல்லை. தான் அடிபடப் போவது அவனுக்கே தெரியாது. நாளை அடிபடப் போகிறவனுக்கு இன்று கடிதம் போட எந்த நகரசபையால் முடியும்? இரைச்சலைச் சுமப்பவன் உள்ளூர்க்காரன், பலனை அடைபவன் வெளியூர்க்காரன். இப்படி இருக்கும்போது, உள்ளூரை மட்டும் கூட்டி வைத்து எண்ணினால், கணக்கு எப்படிச் சரியாகும்? அந்தக் காலி நாற்காலியில் யார் உட்காருவது? மருத்துவமனையின் வழக்கறிஞரா? அவர் தம் கட்சிக்காரருக்காகப் பேசுவார். கட்டடத் தொழிலாளர் சங்கம் உட்காரவேண்டும், லாரி ஓட்டுநர் சங்கம் உட்காரவேண்டும், தீயணைப்பாளர் சங்கம் உட்காரவேண்டும். கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கிற சங்கத்துக்கு மண்டலக் குழுவில் என்ன வேலை என்று கேட்பவர்கள், சாரத்தில் ஏறிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்!

அதற்காக, எதிர்ப்பவனெல்லாம் ஈரமற்றவன் என்று நாம் ஏசப்போவதில்லை. அவன் அச்சம் பொய்யல்ல. 2008 ஜூன் 29 அன்று, அரிசோனாவில் பிளாக்ஸ்டாப் நகர மருத்துவமனையை நோக்கி வந்த இரண்டு மருத்துவ ஹெலிகாப்டர்கள் வானிலேயே மோதின. ஏழு பேர் மாண்டார்கள். கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனால், 2022 மார்ச் 4 அன்று பிளிமத் நகரில் நடந்தது நெஞ்சை உலுக்கும். நோயாளியைக் கொண்டுவந்த கனரகக் கடலோரக் காவல் ஹெலிகாப்டர் ஒன்று டெரிபோர்ட் மருத்துவமனையில் இறங்கியது. தளமோ, மக்கள் நடமாடும் கார் நிறுத்துமிடத்தின் நடுவே! விசிறிகள் கீழே தள்ளிய காற்றின் வேகத்தில் மனிதர்கள் தூக்கியெறியப்பட்டார்கள். 87 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். மருத்துவமனைக்கு வந்த இடத்தில்! ஒருவரைக் காக்க வந்த காற்று இன்னொருவரைக் கொன்றது. சிறு ஊர்திக்கு வரைந்த தளத்தில் நாளை பெரிய ஊர்தி இறங்குமா, நடைபாதை எத்தனை அடி தள்ளி இருக்கிறது, இறங்கும்போது மக்களை நிறுத்திவைக்க யார் நிற்பார்கள் என்று ஒரு சாதாரணக் குடிமகன் எழுந்து கேட்டால், அவனை 'முன்னேற்றத்தின் விரோதி' என்று கேலி செய்பவர்களோடு நாம் சேரமாட்டோம்.

அதே இங்கிலாந்தில் இன்னொரு காட்சி. லண்டனின் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனைக்கு வந்த ஹெலிகாப்டர்கள் எதிரே உள்ள ரஸ்கின் பூங்காவில் இறங்கின. அங்கிருந்து நோயாளியை வண்டி மாற்றி உள்ளே சேர்க்க இருபத்தைந்து நிமிடம்வரை ஆகும். 2016இல் கூரைமேல் தளம் திறந்தார்கள், ஐந்து நிமிடமாயிற்று. மிச்சம் இருபது நிமிடம்! மூளையில் இரத்தம் கசிகிறவனுக்கு அந்த இருபது நிமிடத்தின் விலை என்ன என்று, வீட்டு விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருதரம் எண்ணிப் பார்க்கட்டும். கூரைமேல் கட்டுவது செலவு அதிகம். தீயணைப்பு ஏற்பாடு தனி. ஆனால் நடந்து போகிறவன் தலைக்குமேல் காற்று அடிக்காது.

ஆகவே நாம் கேட்பது, அனுமதியை நிபந்தனையோடு கொடு என்பதுதான். பாதை ரயில் தண்டவாளத்தின் மேலாகவோ ஆற்றின் மேலாகவோ இருக்கட்டும். நோயாளி அன்றி, நிர்வாகக் குழுத் தலைவரின் உல்லாசப் பயணத்துக்கு அந்தத் தளம் திறக்கக் கூடாது. வந்துபோன கணக்கைப் பதிவேட்டில் எழுதி ஊர் பார்க்க வைக்கட்டும். அறிவிப்பு வாடகைக்காரன் கதவிலும் ஒட்டப்படட்டும். அனுமதி தந்த பிறகு, இறங்கும் பாதையிலேயே இருபது மாடிக் கட்டடம் எழும்ப அதே குழு கையெழுத்துப் போடாதிருக்கட்டும். கடைசியில் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. எண்பது மைல் பறக்கவேண்டிய நிலை ஏன் வந்தது? 2010க்குப் பிறகு அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் உள்நோயாளிகளுக்குக் கதவடைத்துவிட்டன. கிட்டே இருந்ததை மூடிவிட்டு, எட்டத்தில் இருப்பதற்கு ஹெலிகாப்டரில் வா என்கிறார்கள். வந்தால், கட்டணம்? 2017இல் ஒரு ஹெலிகாப்டர் பயணத்துக்குக் கேட்ட தொகையின் நடுமதிப்பு சுமார் 36,400 டாலர் என்று அந்நாட்டு அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகமே எழுதியது. காப்பீடு உள்ளவன் தலையில் எதிர்பாராத மிச்சத்தைக் கட்டக் கூடாது என்று 2022 முதல் ஒரு சட்டம் காக்கிறது. காப்பீடே இல்லாதவனுக்கு அந்தக் காப்பு இல்லை. பொது விசாரணையில் கிடைக்கிற மூன்று நிமிடத்தில் ஒரு தொழிலாளி எழுந்து, 'இதில் ஏறினால் எனக்கு எவ்வளவு ஆகும்?' என்று கேட்டால், 'அது எங்கள் அதிகாரத்தில் இல்லை' என்று தலைவர் சொல்லுவார். மெய்தான். தளத்தின் நீளத்தையும் அகலத்தையும் ஊர் தீர்மானிக்கலாம். கட்டணத்தை மாநிலம்கூடத் தீர்மானிக்க முடியாது. விமானக் கட்டணத்தில் மாநிலங்கள் கைவைக்கக் கூடாது என்று 1978இல் வாஷிங்டனில் போட்ட சட்டம், பயணி விமானத்தோடு சேர்த்து, படுத்துக் கிடக்கிற நோயாளியையும் கட்டிப்போட்டிருக்கிறது.