மேடைக்குப் பின்னே ஒரு கணக்கு

தேர்தல் என்றதும் மேடையேறி முழங்கும் தலைவர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். வாக்காளர் இடாப்பும் பென்சிலுமாக மேடைக்குப் பின்னே அமர்ந்திருக்கும் கட்சிக் காரியதரிசியை நினைப்பார் அரியர். ஆயினும், வெற்றி தோல்வியை அவருடைய கணக்கே தீர்மானித்ததுண்டு. இங்கிலாந்திலே பர்மிங்ஹாம் நகரில் நிகழ்ந்ததைச் சிறிது நோக்குவோம்.

1867ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் அந்நகருக்கு மூன்று பாராளுமன்ற ஆசனங்களை வழங்கிற்று. ஆனால் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகளே உரியன. சிறுபான்மைக் கட்சியினரும் ஓர் ஆசனத்தைப் பெறவேண்டும் என்பதே அவ்விதியின் நோக்கம். மூன்றையும் தாமே பெறவேண்டும் என்பது லிபரல் கட்சியினரின் நோக்கம்!

மக்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டால், புகழ்பெற்ற ஜோன் பிரைட்டுக்கே வாக்குகள் குவியும். மூன்றாம் அபேட்சகர் தோற்பார். லிபரல் சங்கக் காரியதரிசி வில்லியம் ஹரிஸ் இதற்கோர் உபாயம் கண்டார். நகரின் வட்டாரங்கள் பங்கிடப்பட்டன. ஒரு பகுதியினர் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும், மற்றொரு பகுதியினர் இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும், எஞ்சியோர் மூன்றாமவருக்கும் முதலாமவருக்கும் வாக்களிக்கவேண்டும். இவ்வாறாயின் மூவரும் கட்சி ஆதரவாளரில் மூன்றில் இரண்டு பங்கினரின் வாக்கைப் பெறுவர். எதிர்க்கட்சியார் இருவரை மட்டும் நிறுத்தினால், அவ்விருவருக்கும் தம் ஆதரவாளர் அனைவரின் வாக்கும் கிடைக்கும். எனவே, வாக்காளரில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் லிபரல்களாக இருந்தாலன்றி இவ்வுபாயம் பலிக்காது. மாணவர்கள் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். வீடுவீடாகச் சென்று ஆதரவாளரைக் கணக்கெடுக்கும் தொண்டர் இல்லாமல் இது நடவாது என்பதும் அப்போது விளங்கும்.

'சொன்னபடி வாக்களியுங்கள்' என்பதே கட்சியின் கட்டளையாயிற்று. 1868இல் பிரைட், டிக்ஸன், முன்ட்ஸ் ஆகிய மூவரும் தலைக்கு 14,000க்கு மேற்பட்ட வாக்குகளால் தெரிவாயினர். எதிரணியினரில் எவரும் 9,000ஐ எட்டவில்லை.

இரண்டாண்டுகளின் பின் வந்த கல்விச்சபைத் தேர்தலிலோ கணக்குத் தவறிற்று. ஆசனங்கள் 15, வாக்காளருக்கும் 15 வாக்குகள், அவையனைத்தையும் ஒருவருக்கே அளிக்கவும் இடமுண்டு. (முன்னர் நம் கொழும்பு மத்தித் தொகுதியிலும் மூன்று வாக்குகளையும் ஒருவருக்கே அளிக்கலாம் என்பதை முதியோர் அறிவர்.) லிபரல்கள் பேராசையால் 15 பேரை நிறுத்தி, ஆறு இடங்களையே பெற்றனர். ஆங்கிலத் திருச்சபைக் கட்சியார் எண்மரை நிறுத்தி எட்டையும் கைப்பற்றினர்.

1873இல் துணி வணிகரான பிரான்சிஸ் ஷ்னாட்ஹோர்ஸ்ட் காரியதரிசியானார். அவ்வாண்டு நடந்த கல்விச்சபைத் தேர்தலில் லிபரல்களும் எண்மரையே நிறுத்தினர்; எண்மரும் வென்றனர். கட்சியின் தலைவர் ஜோசப் சேம்பர்லின் சபைக்குத் தலைவரானார். 1877இல் இம்முறையை நாடெங்கும் பரப்பத் தேசிய லிபரல் சம்மேளனம் தோன்றியபோது, கிளாட்ஸ்டனே பர்மிங்ஹாமுக்கு வந்து அதனைச் சிறப்பித்தார்.

குடிமகனின் சிந்தனையை இயந்திரம் விழுங்கிவிட்டது எனக் குறைகூறியோர் பலர். ஒஸ்திரகோர்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் 1902இல் வெளியிட்ட பெருநூலில் இதனை விரிவாகக் கண்டித்தார். அக்குற்றச்சாட்டிலே பாதியே உண்மை என்பது நம் கருத்து. கட்டளைக்குப் பணிந்து வாக்களித்தமை உண்மையே; ஆயினும், அதற்குமுன் செல்வர் சிலரின் அறைக்குள் முடிந்த விடயங்களிலே, வட்டாரக் கூட்டங்கள் வழியாகச் சிறு கடைக்காரரும் தொழிலாளரும் வாய்திறக்க முடிந்தது.

1886இல் அயர்லாந்துச் சுயாட்சி மசோதாவை எதிர்த்துச் சேம்பர்லின் கிளாட்ஸ்டனைப் பிரிந்தார். அவர் வளர்த்த சம்மேளனமோ கிளாட்ஸ்டனின் பக்கமே நின்றது. ஷ்னாட்ஹோர்ஸ்டும் அவ்வாறே நின்றார். தலைமைக் காரியாலயமும் இலண்டனுக்குப் பெயர்ந்தது. அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில், அப்போது ஏழாகப் பிரிக்கப்பட்டிருந்த பர்மிங்ஹாம் தொகுதிகளுள் ஒன்றேனும் கிளாட்ஸ்டன் கட்சிக்குக் கிடைக்கவில்லை. ஏழும் சேம்பர்லின் அணியினர்க்கும் அவர்தம் நேசக் கட்சியினர்க்குமே சேர்ந்தன.