மரண அறிவிப்பும் மக்கள் எள்ளலும்: தீவகத்தை முன்வைத்து ஒரு குறிப்பு

வேலுப்பிள்ளை பிரபாகரன் கொல்லப்பட்டதாக 2009 மே 18ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. அம்புலன்ஸ் வண்டியொன்றில் தப்ப முயன்றவேளை சுடப்பட்டார் என்பதே முதலில் வெளியான செய்தி. மறுநாள், நந்திக்கடலோரத்திற் கண்டெடுக்கப்பட்டதாகச் சீருடையணிந்த உடலொன்று தொலைக்காட்சியிற் காட்டப்பட்டது. ஒரு மரணத்துக்கு இரு நாட்களில் இரு கதைகள். புலிகளின் சர்வதேச உறவுகளுக்குப் பொறுப்பாயிருந்த செல்வராசா பத்மநாதனும் முதலில் அதனை மறுத்து, மே 24இல் ஒப்புக்கொண்டார். இந்நிலையில் எழுந்த ஐயத்தை வெறும் பாமரத்தனமெனக் கொள்ளல் பொருந்தாது.

அவ்வையத்துக்கு முன்வரலாறும் உண்டு. 1989 யூலையில் அவர் மாத்தையாவினால் கொல்லப்பட்டாரென இந்தியப் பத்திரிகைகள் எழுதின. 2004 டிசம்பர்க் கடற்கோளையடுத்து, அவர் மாண்டிருக்கலாமென இலங்கை அரச வானொலி கூறிற்று. 2005 ஜனவரியின் பிற்பகுதியில் அவர் கிளிநொச்சியில் நோர்வே வெளிநாட்டமைச்சரைச் சந்தித்தார். ஆக, 2009இல் மக்கள் செவியுற்றது மூன்றாவது மரணமாகும். இது எத்தனையாவது சாவு என எண்ணும் எள்ளலை எவரும் இருந்து புனையவேண்டியிருக்கவில்லை. செய்தியே நகையாக வந்து சேர்ந்தது.

தீவகத்தில் இந்நகைக்குத் தனியொரு பின்னணி உண்டு. 1985 மே 15இல், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். தப்பியோர் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர், எவரும் தண்டிக்கப்படவில்லை. கண்ணாற் கண்டது ஏட்டில் ஏறாது என்பதை அத்துறைமுகங்களின் மக்கள் அன்றே கற்றனர். 1990இல் ஊர்காவற்றுறை முதலான பகுதிகள் இராணுவத்தின் கைக்கு வந்தன. எனவே 2009இல் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ இரு தசாப்தங்கள் காவலரண்களிடையே வாழ்ந்தவர்கள். வெளிப்படையாக அழவும் மறுக்கவும் இயலாத இடத்தில், பெயர் சுட்டாத பாதி வாக்கியமே பேச்சாகின்றது. அதனை அலட்சியமெனக் கருதுவோர் நாட்டார் வழக்காற்றின் பாலபாடத்தையே மறந்தவராவர்.

ஆயின், எல்லா ஐயமும் ஒரே வர்க்க நலனிலிருந்து பிறப்பதில்லை. 2023 பெப்ரவரி 13இல் தஞ்சாவூரில் பழ. நெடுமாறன், பிரபாகரன் நலமாக உள்ளாரென அறிவித்தார். 1945இல் தைவானில் மறைந்த சுபாஸ் சந்திரபோஸ் பற்றிய நம்பிக்கையும் பல விசாரணைக் குழுக்களைக் கடந்து நீடித்ததை இங்கு ஒப்புநோக்கலாம். படகுத்துறையில் நிற்பவரின் ஐயம் அரசின் சொல்லை வினவுகின்றது; மேடையின் ஐயமோ தனது சொல்லை வினவாதிருக்குமாறு கோருகின்றது. முன்னையது அனுபவத்தின் விளைவு. பின்னையது அரசியல் முதலீடு. தலைவர் வீழ்த்தப்படமுடியாதவர் என்ற படிமத்தைப் புலிகளின் பிரசாரமே பல்லாண்டுகள் வளர்த்து வந்ததையும், மாற்றுக் கருத்துரைத்தோர் அவர்களது துப்பாக்கிக்கு இரையானதையும் மறைத்து இதனைப் பேசமுடியாது. அந்நாட்களிலும் எள்ளல் காதோடு காதாகவே வழங்கிற்று.

ஓருடல் பற்றிய இவ்விவாதம் வேறு உடல்கள் பற்றிய வினாவைப் பின்தள்ளிவிட்டமையே எமது கவலை. போரின் இறுதியில் வட்டுவாகலில் உறவினர் கண்முன்னே இராணுவத்திடம் சரணடைந்தோர் பலர் திரும்பவில்லை. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் அமர்ந்தனர். காணாமற்போனோர் இறந்துவிட்டனர் எனவும், விசாரணையின் பின் மரணச் சான்றிதழ் வழங்கப்படும் எனவும் 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச கூறினார். அத்தாய்மார் சான்றிதழை ஏற்க மறுத்தனர். உடல் எங்கே என்று கேட்டனர்.