கிளட்ச் கேபிளுக்குக் கொஞ்சம் பிளே வேண்டும்

டீ ஆறுவதற்குள் விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம். வேலையைச் செய்யத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சாதாரண 100, 125 சிசி பைக்குகளில் கிளட்ச் கேபிளை வீட்டு வாசலிலேயே மாற்றிவிட முடியும். இரண்டு மூன்று ஸ்பேனர், ஒரு பிளேயர், கொஞ்சம் கிரீஸ், நம் மாடலுக்கு உரிய புது கேபிள், இவ்வளவு போதும். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், அந்தக் கேபிள் அங்கே என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, ஆயிலில் நனைந்தபடி சில வட்டத் தகடுகள் அடுக்கியிருக்கும். இவைதான் கிளட்ச் பிளேட்டுகள். ஸ்பிரிங்குகள் இவற்றை ஒன்றோடொன்று சேர்த்து எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். அந்தப் பிடிமானத்தால்தான் எஞ்சினின் சுழற்சி பின்சக்கரம் வரை போகிறது. நாம் லீவரை இழுக்கும்போது கேபிள் வழியாக அந்த அழுத்தத்தை விலக்குகிறோம். லீவரை விட்டபிறகு பிளேட்டுகளைப் பிடித்துவைப்பது ஸ்பிரிங்கின் பொறுப்பு. கேபிளுக்கு அதில் வேலையே கிடையாது.

இந்த இடத்தில்தான் ஏறக்குறைய எல்லோரும் தடுமாறுகிறோம். லீவர் லூசாக ஆடினால் கிளட்ச் சரியாகப் பிடிக்காது, டைட்டாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைக்கிறோம். நடப்பது தலைகீழ். கேபிள் விறைப்பாக இருந்தால், லீவரில் கை வைக்காதபோதும் அது பிளேட்டுகளை லேசாக விலக்கிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டுவதற்குச் சமம். மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் இரையும், வண்டியோ வேகம் எடுக்காது. வழுக்கி வழுக்கியே பிளேட்டுகள் சூடேறித் தேய்ந்துவிடும்.

அதற்காக ரொம்பத் தளரவிட்டாலும் ஆகாது. லீவரை முழுக்கப் பிடித்தாலும் பிளேட்டுகள் பிரியாது. கியர் முரண்டுபிடிக்கும், சிக்னலில் நியூட்ரல் கிடைக்காது. ஆகவே, இழுப்பு தொடங்குவதற்கு முன் லீவர் சும்மா அசைவதற்கு ஓர் அளவு இடம் வேண்டும். அதுதான் பிளே. பல பைக்குகளில் இது லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அதன் கையேட்டில் இருக்கும்.

இப்போது கேபிளுக்கு வருவோம். உள்ளே எஃகு இழைகளை முறுக்கிய ஒயர், வெளியே வளைந்தாலும் சுருங்காத உறை. இந்த அமைப்புக்கு எர்னஸ்ட் பௌடன் 1896-இல் காப்புரிமை பெற்றார். ஒயரைத் தொடாமலேயே அதை எப்படி டைட் செய்ய முடிகிறது? பாவாடை நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். நாடாவின் நீளம் மாறுவதில்லை. சுருங்கிய துணியை நீவிவிட்டால் வெளியே தொங்கும் நாடா குறைகிறது. உறையின் முனையைத் தாங்கும் திருகான அட்ஜஸ்டர் செய்வதும் அதைத்தான். அதை வெளிப்பக்கம் திருகினால் உறை தள்ளப்பட்டு, வெளியே இருக்கும் ஒயர் குறையும், பிளேவும் குறையும். உள்பக்கம் திருகினால் பிளே கூடும்.

ஒயர் பெரும்பாலும் அறுவது லீவர் பக்கம், நிப்பிளை ஒட்டி. நிப்பிள் என்பது ஒயர் நுனியில் இருக்கும் சிறு உலோக உருளை. லீவரைப் பிடிக்கும்போதெல்லாம் அது தன் குழியில் சுழல வேண்டும். கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டால், ஒயர் அதே இடத்தில் மடங்கி மடங்கி இழை இழையாகப் பிரியும். ஓர் இழை பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் கேபிளை மாற்றிவிட வேண்டியதுதான்.

எஞ்சின் ஆறியதும் தொடங்குவோம். பழைய கேபிள் போகும் வழியை முதலில் போட்டோ எடுத்துக்கொள்வோம். லீவர் பக்க அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகி, எஞ்சின் பக்கத்து நட்டுகளைத் தளர்த்தினால் ஒயர் தொய்ந்துவிடும். முதலில் கீழ்முனையைக் கழற்றுவோம். பிறகு மேலே, அட்ஜஸ்டர், லாக் நட், லீவர் மூன்றிலும் உள்ள மெல்லிய வெட்டுகளை ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தால் ஒயர் பக்கவாட்டில் நழுவி வந்துவிடும். புது கேபிளை அதே வழியில், எங்கும் கூர்மையாக மடங்காமல் கொண்டுபோவோம். நிப்பிளில் கிரீஸ் தடவி மேலே மாட்டிவிட்டு, அப்புறம் கீழே மாட்டுவோம்.

பெரிய வித்தியாசத்தை எஞ்சின் பக்கத்து நட்டுகளிலும், நுண்ணிய வித்தியாசத்தை லீவர் பக்கத்து அட்ஜஸ்டரிலும் சரிசெய்வோம். பிளே அளவாக வந்ததும் லாக் நட்டுகளை இறுக்க மறக்கக் கூடாது. பிறகு ஹேண்டில்பாரை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்பிப் பாருங்கள். பிளே மாறினால் கேபிள் எங்கோ சிக்கி இழுபடுகிறது, வழியைத் திருத்துங்கள்.

புது கேபிள் முதல் சில நாட்களில் தன் இடத்தில் நன்றாக அமரும். பிளே சற்றுக் கூடும். ‘கேபிள் சரியில்லை’ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். லாக் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரை ஒன்றிரண்டு சுற்று திருகிவிட்டு, மறுபடி இறுக்குங்கள். போதும்.