முதுகுக்கு ஒரு கண்

சென்ற ஆண்டு, பூந்தமல்லியை அடுத்த ஒரு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுகையில் ஒரு தீர்மானம் நம் கண்ணில் பட்டது. அங்கத்தினர் 32 பேருடைய சைக்கிள்களுக்குப் பின்பார்வைக் கண்ணாடி வாங்கிப் பொருத்துவதென்றும், அச்செலவைப் பொது நல நிதியில் எழுதுவதென்றும் நிர்வாகக் குழு முடிவு செய்திருந்தது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதே நம் உத்தியோகத்தின் முதற்பாடம். ஆகையால் சிறிதும் தயங்காமல், "இச்செலவு இன்றியமையாததன்று, அலங்காரப் பொருளுக்குச் சங்க நிதியைச் செலவிடுதல் தகாது" என்று ஆய்வுக் குறிப்பில் எழுதினோம். அதைப் படிக்கக் கேட்ட நிர்வாகக் குழு அங்கத்தினர் ஒருவர், அறுபதைக் கடந்த கீரை விவசாயி, கோபித்துக்கொள்ளவில்லை. "ஐயா, முன்னால் போகிறவனை மணியடித்து விலக்கலாம். பின்னால் வருகிறவனை என்ன செய்வது? ஒரு நாள் விடியற்காலையில் எங்களோடு கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டு வாருங்கள். அப்புறம் எழுதுங்கள்" என்றார்.

அவ்வழைப்பை மறுப்பதற்கு நமக்கு நியாயம் ஒன்றும் தோன்றவில்லை. மறுவாரம் சென்றோம்.

விடியற்காலைப் பாடம்

திருமழிசைக்கு அப்பாலிருந்து பூந்தமல்லிக் கடைத்தெரு வரை பெங்களூர் நெடுஞ்சாலை வழியே பயணம். கேரியரில் ஈரச் சாக்கில் சுற்றிய கீரைக்கட்டுகள், சுமார் 30 கிலோ. சாலையோரத்தில் நின்றிருந்த லாரி ஒன்றைக் கடப்பதற்காக வலப்பக்கம் ஒதுங்க வேண்டியதாயிற்று. பின்னால் ஏதேனும் வருகிறதா என்று அறியத் தலையைத் திருப்பினோம். தலையோடு தோள் திரும்பிற்று. தோளோடு கை திரும்பிற்று. கையோடு ஹாண்டிலும் திரும்பிற்று. சைக்கிள் ஒரு முழம் சாலைக்குள் பாய்ந்தது. அதே கணத்தில் பின்னாலிருந்து பேரொலி எழுப்பிக்கொண்டு ஒரு லாரி நம்மை உராய்வதுபோல் கடந்து சென்றது. அதன் காற்று நம்மை மண்பாதையில் தள்ளிற்று. கீழே விழவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

பெரியவர் தம் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். "தலை திரும்பினால் வண்டியும் திரும்பும், ஐயா. பாரம் இருந்தால் அதிகமாகவே திரும்பும்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

வெறுஞ் சைக்கிளில் செல்வோர் தலையைத் திருப்பிப் பார்த்தும் நேராக ஓட்டக்கூடும். கேரியரில் உயரமாகப் பாரம் ஏற்றியவருக்கு அது எளிதன்று. கீரைக்கட்டு ஏற்றும் விவசாயிக்கும், நூல் சிப்பமும் சேலைக்கட்டும் ஏற்றும் நெசவாளருக்கும் நிலைமை ஒன்றே. நம் அங்கத்தினர்களுள் பலர் மகனோ பேத்தியோ பள்ளியில் பெற்ற விலையில்லாச் சைக்கிளில்தான் பாரம் ஏற்றிச் செல்கின்றனர். அச்சைக்கிள் புத்தகப் பைக்காகச் செய்யப்பட்டதேயன்றி மூட்டைக்காகச் செய்யப்பட்டதன்று.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனமாகாது. ஆதலால் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டாயமான கண்ணாடி, சைக்கிளுக்குக் கட்டாயமில்லை. சட்டம் கேளாதது எல்லாம் தேவையற்றது என்று நாம் கருதியதே நம் பிழை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவ்வாண்டு நேர்ந்த விபத்துகளை வகைப்படுத்தியபோது, பின்னாலிருந்து மோதிய விபத்துகளே முதலிடம் பெற்றன. மொத்தத்தில் அவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

கண்ணாடியிலும் பொய் உண்டு

அன்று மாலையே நாம் அம்பத்தூரில் ஒரு கடைக்குச் சென்று, கைக்கு அகப்பட்ட ஒரு வட்டக் கண்ணாடியை வாங்கி நம் சைக்கிளில் பூட்டினோம். மூன்றாம் நாள், ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு நோக்கிச் செல்லும்போது, அதில் ஒரு வேன் வெகுதூரத்தில் சிறு புள்ளியாகத் தெரிந்தது. அவகாசம் இருக்கிறது என்றெண்ணி வலப்பக்கம் திரும்பத் தொடங்கினோம். வேன் நம் முழங்கைக்கு அருகில் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் சொன்ன வார்த்தைகள் இப்பத்திரிகையில் அச்சிடத் தக்கவை அல்ல. ஆனால் குற்றம் நம்முடையதே. கண்ணாடி வாங்கத் தெரிந்த நமக்கு, அதைப் படிக்கத் தெரியவில்லை.

கண்ணாடி இருவகைப்படும். முகம் பார்க்கும் கண்ணாடிபோல் தட்டையாக இருப்பது சமதள ஆடி. புறம் புடைத்திருப்பது குவி ஆடி. சமதள ஆடி தூரத்தை உள்ளபடி காட்டும். ஆனால் அது காட்டும் அகலம் குறைவு. கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி, 7.5 சென்டிமீட்டர் அகலமுள்ள சமதள ஆடியைப் பொருத்தினால், 30 மீட்டருக்குப் பின்னால் ஏறக்குறைய 3¼ மீட்டர் அகலந்தான் தெரியும். அது ஒரு லாரி செல்லும் வரிசை அளவு. வளைவு ஆரம் 1.2 மீட்டர் உள்ள குவி ஆடி அதே அளவினதாயின், 7 மீட்டர் அகலத்தைக் காட்டும்.

அதற்கு அது வாங்கும் விலை ஒன்றுண்டு. அதே குவி ஆடியில், 10 மீட்டருக்குப் பின்னால் வரும் வண்டி பாதிக்கும் குறைந்த உருவாய், 20 மீட்டருக்கு அப்பால் வருவதுபோல் தோன்றும். புடைப்பு மிக மிக இப்பொய்யும் மிகும். நாம் வாங்கியது அத்தகைய அதிகப் புடைப்புள்ள ஆடி.

அங்ஙனமாயின் சமதள ஆடியே போதுமே என்று அன்பர்கள் கேட்கலாம். சைக்கிளின் ஹாண்டில் ஓயாது சிறிது சிறிதாக அசைந்துகொண்டே இருப்பது. ஹாண்டில் ஒரு பாகை திரும்பினால் கண்ணாடியில் காட்சி இரண்டு பாகை நகர்கிறது. 30 மீட்டர் தூரத்தில் அது ஒரு மீட்டருக்கு மேற்பட்ட நகர்வு. குறுகிய காட்சியுள்ள சமதள ஆடியில் பின்வரும் வண்டி தோன்றுவதும் மறைவதுமாக இருக்கும். ஆகவே ஹாண்டிலில் பொருத்துவதற்கு இலேசான புடைப்புள்ள ஆடியே ஏற்றது என்பது நம் முடிவு.

கடையில் ஆரம் அளக்க முடியாது; அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சமதள ஆடியையும், வாங்கக் கருதும் ஆடியையும் முகத்திலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் அடுத்தடுத்துப் பிடித்துப் பாருங்கள். இரண்டாவதில் முகம் மூன்றில் இரண்டு பங்காகத் தெரிந்தால் வாங்கலாம். பாதிக்கும் குறைவாகச் சுருங்கினால் அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

நடுங்காத தண்டு

தேர்வில் இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது நடுக்கம். 1911-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி அமெரிக்காவில், இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த முதல் 500 மைல் மோட்டார்ப் பந்தயத்தில் வென்றவர் ரே ஹாரூன். மற்றப் போட்டியாளர்கள் பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்ல ஒரு துணைவரையும் ஏற்றிச் சென்றனர். ஹாரூன் துணைவருக்குப் பதிலாகத் தம் முன்னால் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார். ஆனால் செங்கல் பாவிய அப்பாதையின் அதிர்ச்சியில் கண்ணாடியில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை என்று அவரே பிற்காலத்தில் கூறினார். வென்ற காருக்கே அக்கதியாயின், நம் மண்பாதைகளில் ஓடும் சைக்கிளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

நீண்டு மெலிந்த தண்டு நடுங்கும். குட்டையாய்த் தடித்த தண்டு அத்துணை நடுங்காது. கடையிலேயே தண்டின் அடியைப் பற்றிக்கொண்டு கண்ணாடியின் விளிம்பை விரலால் சுண்டிப் பாருங்கள். ஆட்டம் உடனே அடங்க வேண்டும். தலை கனமாகவும் தண்டு மெலிந்தும் இருப்பது ஆகாது. பிளாஸ்டிக் ஆடி இலேசானது, உடைந்தாலும் தெறிக்காது; ஆனால் புழுதியோடு துடைத்தால் கீறல் விழும். கண்ணாடி ஆடி கீறலைத் தாங்கும், விழுந்தால் உடையும்.

பொருத்தும் முறை

நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் செல்வன. முந்துவோர் வலப்பக்கம் வருவர். ஆதலால் கண்ணாடியின் இடம் வலப்பக்க ஹாண்டில்.

அம்பத்தூருக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. 1949-இல் முருகப்பா குழுமத்தார் பிரிட்டிஷ் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு கூடி நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை அங்கேதான் ஏற்பட்டது. அதிலிருந்து வந்த ஹெர்குலிஸ் முதலிய கம்பி பிரேக் சைக்கிள்கள் இன்றும் நம் கிராமங்களில் பாரம் சுமக்கின்றன. இவற்றில் பிரேக் பிடி, ஹாண்டிலுக்குக் கீழே அதை ஒட்டியே செல்கிறது. கண்ணாடியின் கிளாம்பு அப்பிடியையோ கம்பியையோ தொடலாகாது. பூட்டியபின் இரு பிரேக்குகளையும் முழுதும் அழுத்தி விடுங்கள். பிடி தானே திரும்பி வர வேண்டும். ஹாண்டிலை இருபுறமும் கடைசி வரை திருப்பியும் பாருங்கள். பின்னால் பார்ப்பதற்காக முன்னால் நிற்க முடியாமற் போவது பேதைமை.

ஹாண்டில் குழாயின் முனையில் செருகும் கண்ணாடிகளும் கிடைக்கின்றன. நேரான ஹாண்டிலுக்கு அவை பொருந்தும். பழைய சைக்கிளின் ஹாண்டில் பின்னோக்கி வளைந்து வருவதால், முனையில் செருகிய கண்ணாடி தொடைக்கு அருகில் வந்துவிடும். அதைப் பார்க்கச் சாலையிலிருந்து கண்ணை வெகுவாகத் தாழ்த்த வேண்டும். அதற்குக் கிளாம்பு வகையை ஹாண்டிலின் முன்வளைவில் நிமிர்த்திப் பூட்டுவதே நன்று.

கிளாம்புக்கும் குழாய்க்கும் இடையே பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றுங்கள். அது வழுக்காமல் பிடிக்கும். அதிர்ச்சியையும் ஓரளவு விழுங்கும். நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் இடுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் ஸ்பானரால் மறுபடியும் முடுக்குங்கள்.

கோணத்தைச் சரிசெய்யும்போது, வழக்கமான பாரத்தை ஏற்றிக்கொண்டு, ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, ஸீட்டில் அமர்ந்து செய்ய வேண்டும். பாரமின்றிச் சரிசெய்த கண்ணாடியில் பாரம் ஏற்றியதும் சாக்கு மட்டுமே தெரியும். உள்விளிம்பில் நம் முழங்கை கீற்றாகவும், நடுவில் பின்சாலையும், மேற்பாதியில் வானமும் தெரிந்தால் கோணம் சரி.

படிக்கப் பழகுதல்

பொருத்தியதோடு வேலை முடிந்துவிடாது. சந்தடியில்லாத இடத்தில் சைக்கிளை நிறுத்தி, பின்னால் 10, 20, 30 மீட்டர் தூரங்களில் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தச் செய்து, ஒவ்வொரு தூரத்திலும் அது கண்ணாடியில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரப் பயிற்சி போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி, 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளை 40 மீட்டர் பின்னாலிருந்து மூன்றே விநாடியில் எட்டிவிடும். ஆகவே கண்ணாடியில் ஏதேனும் தெரிந்தால் காத்திருப்பதே விதி. ஒன்றும் தெரியாவிட்டாலும் கண்ணாடியின் ஓரத்துக்கு அப்பால் ஒரு வண்டி மறைந்திருக்கலாம். ஒதுங்குமுன் வேகத்தைக் குறைத்து, ஒரு கணம் தலையையும் திருப்புங்கள். பாரம் மிகுதியாயின் இறங்கித் தள்ளிக் கடப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

இருட்டில் கண்ணாடி விளக்கொளியை மட்டுமே காட்டும், தூரத்தைக் காட்டாது. நாம் பிறரைக் காணக் கண்ணாடி. பிறர் நம்மைக் காணப் பின்மட்கார்டின் சிவப்புப் பிரதிபலிப்பான். சாக்கு அதை மறைக்குமாயின் சாக்கின் மேலேயே ஒன்றைக் கட்டுக.

சங்கம் செய்யத் தக்கது

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மொத்தமாக வாங்கிய பொருள் தவறானால் நஷ்டமும் மொத்தமாகவே வரும். ஆதலால் முதலில் மூன்று வகையில் ஒவ்வொன்று வாங்கி, மூன்று அங்கத்தினர்கள் பாரத்தோடு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, அவர்கள் அபிப்பிராயத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியபின் கொள்முதல் செய்க. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த ஓர் இளைஞரிடம் பொருத்தும் பொறுப்பை ஒப்படையுங்கள்.

பூந்தமல்லிச் சங்கம் அவ்விதமே செய்தது. அடுத்த முறை அங்கே சென்றபோது நம் பழைய குறிப்பின் கீழ் இவ்வாறு எழுதிக் கையொப்பமிட்டோம்: "முன் ஆட்சேபணை திரும்பப் பெறப்படுகிறது. இச்செலவு அவசியமானது. பயிற்சியின்றி எவருக்கும் கண்ணாடி வழங்கலாகாது."

பெரியவரிடம் அதைப் படித்துக் காட்டினோம். "ஐயாவின் வண்டியில் கண்ணாடி சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். வெளியே வந்து, தாமே அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நட்டு சற்றுத் தளர்ந்திருந்தது.