பரண்ல தூங்குற பையை எழுப்புங்க!

ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால தொங்குற லெதர் ஹேண்ட்பேக்கைப் பார்த்து ஏக்கப் பெருமூச்சு விடுற பார்ட்டியா நீங்க? விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துட்டு, சூடு பட்ட மாதிரி கையை எடுத்தவரா? கவலையை விடுங்க. அதே மாதிரி ஒரு பை உங்க வீட்டுப் பரண்லயோ, சித்தியோட பீரோவுலயோ, பழைய சாமான் சந்தையிலயோ தூசி தும்போட தூங்கிக்கிட்டு இருக்கலாம். அதை எழுப்பிக் குளிப்பாட்டி, காலேஜுக்குக் கூட்டிட்டு வர வேண்டியது மட்டும்தான் உங்க வேலை. பாக்கெட் மணிக்கு பங்கம் வராது!

ஆனா ஒண்ணு. அவசரப்பட்டு வாளித் தண்ணியில முக்கி, வாஷிங் பவுடர் போட்டுக் கும்மினா, பை கருவாடாகிடும். தோலுக்குன்னு ஒரு குணம் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் ஈஸி.

எங்க கிடைக்கும்?

சென்னைவாசிகளுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை தெரிஞ்சிருக்கும். குண்டூசியில இருந்து கிராமபோன் வரைக்கும் பழசு எல்லாம் குவிஞ்சு கிடக்கிற இடம். (வெள்ளிக்கிழமை கிளாஸ் இருக்குமேன்னு கேட்காதீங்க. லீவு நாள்ல வர்ற வெள்ளிக்குக் காத்திருங்க. கட் அடிக்கச் சொன்னது நாங்கன்னு பிரின்சிபால்கிட்ட மாட்டி விட்டுடாதீங்க!) அங்கே இருந்து ரயில்ல ஏறினா, தாம்பரம் பக்கமா அடுத்த ஸ்டேஷனே குரோம்பேட்டை. அந்த ஊருக்குப் பேர் வந்ததே 'குரோம் லெதர் கம்பெனி'ங்கிற தோல் தொழிற்சாலையாலதான்!

இந்தத் தொழில்ல நம்ம ஊருக்கு இருக்கிற சொந்தம் சாதாரணமானது இல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடுன்னு தோல் பதனிடும் ஊர்கள் வரிசையா இருக்கு. பாண்டிச்சேரியில 1978-ல் திலீப் கபூர் ஆரம்பிச்ச ஹைடிசைன் பைகள் வெளிநாட்டுக் கடைகள் வரைக்கும் போயிருக்கு. அதனால நல்ல தோல் பை நம்ம பக்கத்துப் பழைய மார்க்கெட்ல சிக்குறது ஒண்ணும் அதிசயம் இல்ல.

நிஜத் தோலா, ரெக்ஸினா?

காசைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய முதல் வேலை இது. ஏன்னா, தோலுக்கு மறுபிறவி உண்டு, ரெக்ஸினுக்குக் கிடையாது. பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் பூச்சு, காற்றில் இருக்கிற ஈரத்தாலேயே நாளடைவில் சிதைந்துவிடும். உபயோகிக்காம பீரோவுல பத்திரமா வெச்சிருந்தாலும், ஒருநாள் எடுத்துப் பார்த்தா வெயில்ல தோல் உரிஞ்ச மாதிரி செதில் செதிலா வரும். நம்ம கடலோர ஊர்களின் ஈரக்காற்றுல இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அப்படி உரிய ஆரம்பிச்ச பையை எந்த க்ரீமும் காப்பாத்தாது. எவ்வளவு சல்லிசா கிடைச்சாலும் ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

கண்டுபிடிக்கிறது எப்படி? பையின் உள்பக்கத்தில் அல்லது வார் முடியும் இடத்தில் வெட்டுப்பட்ட ஓரத்தைப் பாருங்க. நார் நாரா இருந்தா தோல். துணி மேல பிளாஸ்டிக் ஒட்டின மாதிரி அடுக்கா தெரிஞ்சா ரெக்ஸின். கட்டைவிரலால மெதுவா அழுத்துங்க. நிஜத் தோல்ல சின்னச் சின்ன சுருக்கம் விழுந்து மறையும். மேல இருக்கிற துளைகள் அச்சடிச்ச மாதிரி ஒரே சீரா இருந்தாலும் சந்தேகப்படலாம். வாசனையை மட்டும் நம்பி ஏமாறாதீங்க. செயற்கையா லெதர் வாசனை சேர்க்கிறதும் உண்டு. 'ஜெனுவின் லெதர்'னு முத்திரை இருந்தா அது தோல்னு மட்டும்தான் அர்த்தம். உசத்தியான தோல்னு அர்த்தம் இல்ல. 'பாண்டட் லெதர்'னு இருந்தா, தோல் துணுக்குகளை அரைச்சு, பசை போட்டு ஒட்டினது. அதுவும் ஒருநாள் உரியும்.

அப்படியே தையல், ஜிப், கைப்பிடி சேர்ற இடம் மூணையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்க. தையல் விட்டிருந்தா பிரச்னை இல்ல, தைச்சுக்கலாம். தோலே வெடிச்சு, விரிசல் ஆழமா இறங்கியிருந்தா, வேணாம்.

ஒரு சொட்டுத் தண்ணி சொல்லும் ஜாதகம்

வீட்டுக்கு வந்ததும், வெளியே தெரியாத ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. சொட்டு முத்து மாதிரி உருண்டு நின்னா, தோல் மேல பாதுகாப்பா ஒரு வண்ணப்பூச்சு இருக்குன்னு அர்த்தம். துடைக்கிறது சுலபம். சர்ருன்னு உள்ளே இழுத்துக்கிட்டா, பூச்சு இல்லாத மென்மையான தோல். அதுக்கு ஈரம் ரொம்பக் குறைவா, கை ரொம்ப மெதுவா இருக்கணும். வெல்வெட் மாதிரி சொரசொரப்பா இருக்கிற ஸ்வேட் வகைன்னா தண்ணி பக்கமே போகாதீங்க. மெல்லிய பிரஷ்ஷும், பென்சில் அழிக்கிற ரப்பரும் போதும்.

குளியல் நேரம்!

முதல்ல பையைக் கவுத்துக் கொட்டுங்க. உள்துணியை வெளியே இழுத்து, மூலை முடுக்கெல்லாம் பிரஷ்ஷால தட்டுங்க. பழைய பஸ் டிக்கெட்டும் மிட்டாய்க் காகிதமும் சகஜம். யாரோட அடையாள அட்டையோ போட்டோவோ சிக்கினா, விற்றவர் மூலமா சேர்க்கப் பாருங்க. யாரோ தேடிக்கிட்டு இருக்கலாம் இல்லையா?

அடுத்து சோப்பு. இங்கேதான் ஒரு கெமிஸ்ட்ரி பாடம். தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, அதோட பி.ஹெச். கிட்டத்தட்ட 4-லிருந்து 5-க்குள். நம்ம குளியல் சோப்போ 9, 10-ன்னு காரப்பக்கம் நிக்குது. அடிக்கடி போட்டா தோல் வறண்டு, விறைச்சுப் போகும். அதனால கடையில கிடைக்கிற லெதர் க்ளீனர் நல்லது. இல்லேன்னா, குழந்தைகளுக்கான மென்மையான ஷாம்பூவில் சில சொட்டு ஒரு கிண்ணம் தண்ணியில கலந்துக்குங்க. பருத்தித் துணியை அதில் நனைச்சு, சொட்டாத அளவுக்கு இறுகப் பிழிஞ்சு, வட்டம் வட்டமா துடைங்க. ஒரே இடத்தை மட்டும் துடைச்சா அங்கே மட்டும் திட்டு விழும். ஒரு முழுப் பக்கத்தையும் சேர்த்துத் துடைக்கணும். கடைசியா வெறும் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால சோப்பை எடுத்துடுங்க.

காயப்போடுறது நிழல்ல, ஃபேன் காத்துல. வெயில்லயோ, ஹேர் டிரையர்லயோ அவசரமா காய வெச்சா அப்பளம் மாதிரி விறைச்சுடும். உள்ளே பழைய பருத்தித் துணியை அடைச்சு வெச்சா பை ஷேப் மாறாது. நியூஸ் பேப்பர் வேணாம்; மை ஒட்டிக்கும்.

கறை, நாத்தம், பூசணம்... மூணு வில்லன்கள்

எண்ணெய்க் கறை: கேன்டீன் பஜ்ஜியோட கைவரிசையா? தேய்க்காதீங்க. சோள மாவையோ டால்கம் பவுடரையோ கறை மேல தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில தட்டிடுங்க. எண்ணெயை மாவு இழுத்துக்கும். தேவைப்பட்டா இன்னொரு ராத்திரி.

பேனா மை: நெயில் பாலிஷ் ரிமூவர், சானிடைசர், ஸ்பிரிட் எல்லாம் மையை எடுக்கும்தான்; கூடவே பையோட கலரையும் கொண்டு போயிடும். சின்னக் கோடுன்னா விட்டுடுங்க. 'கையெழுத்து போட்ட பை'ன்னு பில்ட் அப் கொடுத்துக்கலாம்!

நாத்தம்: ஆப்ப சோடாவை ஒரு துணியில முடிச்சாக் கட்டி, பைக்குள்ள வெச்சு, ஒரு அட்டைப் பெட்டிக்குள்ள ரெண்டு மூணு நாள் மூடி வைங்க. சோடாவை நேரா தோல் மேல தூவக் கூடாது, அதுவும் காரம்தான். சென்ட் அடிச்சா நாத்தம் போகாது, ரெண்டும் சேர்ந்து புதுசா ஒரு கூட்டணி அமைக்கும்.

பூசணம்: மழைக்காலத்துல பச்சையாவும் வெள்ளையாவும் படர்றது. மூக்கைத் துணியால மூடிக்கிட்டு, மொட்டை மாடிக்குக் கொண்டு போய் பிரஷ்ஷால தட்டுங்க. வீட்டுக்குள்ள தட்டினா பக்கத்துல இருக்கிற செருப்பு, பெல்ட்டுக்கெல்லாம் பரவும். அப்புறம் வெள்ளை வினிகரும் தண்ணியும் சம அளவு கலந்து, துணியை நனைச்சுப் பிழிஞ்சு துடைச்சு, நல்லாக் காய விடுங்க. இதையும் மறைவான இடத்துல ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துட்டே செய்யணும்.

தேங்காய் எண்ணெய் வேணாம் தாயே!

சுத்தம் பண்ணின தோலுக்குச் சாப்பாடு போடணும். 'தலைக்குத் தடவுற எண்ணெயை இதுக்கும் தடவு'ன்னு வீட்டுப் பெரியவங்க சொல்லலாம். பாட்டி மேல முழு மரியாதை உண்டு. ஆனா, தேங்காய் எண்ணெய் ஒரே சீரா இறங்காது. கலரைக் கருக்கும், புடவையில ஒட்டும், நாளாக ஆக சிக்கு வாடை அடிக்கும். லெதர் கண்டிஷனர்னு கேட்டு வாங்குங்க. பட்டாணி அளவு எடுத்து, துணியில தடவி, மெல்லிசா பூசுங்க. ராத்திரி முழுக்க விட்டு, காலையில காய்ஞ்ச துணியால பளபளன்னு தேய்ச்சா போதும். கலர் ஷூ பாலிஷ் பைக்கு ஆகாது. ஷூ யார் சட்டையிலயும் உரசாது. பை நாள் முழுக்க உங்க சுடிதார்ல உரசும். பாலிஷ் போட்டே ஆகணும்னா கலர் இல்லாத க்ரீம் மட்டும்.

ஜிப் மக்கர் பண்ணுதா? பல் மேல மெழுகுவத்தியை ரெண்டு தடவை உரசுங்க. ரன்னர் வாய் பிளந்திருந்தா மாத்திக்கலாம், முழு ஜிப்பையும் பிடுங்க வேண்டியதில்ல. தையல் விட்டிருந்தா, தெருமுனையில் செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட கொடுங்க. பழைய ஓட்டையிலேயே ஊசி போகட்டும்னு மட்டும் சொல்லுங்க; புதுசா துளை போட்டா தோல் அங்கே கிழியும். பேரம் பேசுறதை ஷோரூம்ல வெச்சுக்குங்க, அண்ணன்கிட்ட வேணாம். குத்தூசியைப் பிடிச்சுப் பிடிச்சுக் காய்ப்பு ஏறின அந்தக் கையில இருக்கிறது முழுசா ஒரு வித்தை.

ஒரு பைக்குப் பின்னால ஒரு ஆறு

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேட்டா, காசு மிச்சம்ங்கிறது பாதி பதில்தான். மீதி பதில் பாலாற்றங்கரையில இருக்கு.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக் கணக்கில் தோல் ஊற வெச்ச காலம் உண்டு. குரோமியம் உப்பு வந்த பிறகு வேலை வேகமானது. இன்னிக்கு உலகத்துத் தோல்ல பெரும்பகுதி குரோமியத்தால் பதப்படுத்தப்படுவதே. ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதப்படுத்தவே சுமார் 30 லிட்டருக்கு மேல் தண்ணி வேணும். அந்தத் தண்ணி உப்போடவும் ரசாயனத்தோடவும்தான் வெளியே வரும். பாலாற்றுப் படுகையில் கிணறுகளும் வயல்களும் கெட்டுப்போக, வேலூர் குடிமக்கள் நல அமைப்பு வழக்குப் போட்டது. 1996-ல் சுப்ரீம் கோர்ட் தந்த தீர்ப்பை இன்னிக்கும் லா காலேஜ்ல பாடமா நடத்துறாங்க. 'கெடுத்தவரே ஈடு கட்டணும்'ங்கிற கொள்கை நம்ம நாட்டுச் சட்டத்துல வேரூன்ற அது முக்கியக் காரணம். 2015 ஜனவரி கடைசியில, ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் ராத்திரியில் இடிஞ்சு, பக்கத்துத் தொழிற்சாலையில் இருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தாங்க.

அதுக்காகத் தோலே வேணாம்னு சொல்லிட முடியுமா? அந்த ஊர்கள்ல ஆயிரக்கணக்கான குடும்பத்துக்கு அடுப்பு எரியறது இந்தத் தொழில்லதான். அடையாறுல 1948 முதல் இயங்குற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துல, தண்ணியையும் ரசாயனத்தையும் குறைச்சுப் பதப்படுத்துற வழிகளைத் தேடிக்கிட்டு இருக்காங்க. அண்ணா பல்கலைக்கழகத்துல லெதர் டெக்னாலஜிக்குன்னே பி.டெக். இருக்கு. கெமிஸ்ட்ரி பிடிச்சவங்க தம்பி தங்கச்சிக்குச் சொல்லி வைங்க.

நம்ம கையில இருக்கிறது சின்ன விஷயம். ஆற்று நீரைக் குடிச்சு ஏற்கெனவே பிறந்துட்ட ஒரு பையைப் பாதி வயசுல குப்பைக்கு அனுப்பாம இருக்கிறது. நல்லாப் பார்த்துக்கிட்டா தோல் பை இருபது வருஷம்கூட உழைக்கும்.

கடைசியா ஒரு வார்த்தை: பையைப் பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்க. காத்து போகாம பூசணம் குடித்தனம் வந்துடும். பழைய தலையணை உறையே போதும். புது பாட்டில், புது ஷூ பெட்டியில வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாம அதுக்குள்ள போடுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை துடைச்சு, கண்டிஷனர் பூசினா போதும்.

'சூப்பரா இருக்கே, எங்கடி வாங்கினே?'ன்னு கேன்டீன்ல கேட்பாங்க. சொல்லுங்க, பெருமையாச் சொல்லுங்க... 'எங்க சித்தி காலேஜுக்குக் கொண்டு போன பை'ன்னு!